தங்கபுஷ்பத்துக்கு ஊசி

ஜூன் 23, திங்கள்

என் பெயர் ஆவுடையப்பன். இதை நானே எழுதினேன். எழுபத்தொரு வயது வரை கைநாட்டு. இப்போது இல்லை.

யூனியன் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் அமலி டீச்சர், முதல் புத்தகத்தை முடித்துவிட்டதற்காக எனக்கு இந்தக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். "அன்னன்னைக்கு நடந்ததை எழுதுங்கய்யா. புளி வாங்கினதைக்கூட எழுதுங்க" என்றார். இன்று புளி வாங்கவில்லை. குழாய்க்கு வாசர் மாற்றினேன். சொட்டுவது நின்றுவிட்டது.

என் மனைவி பெயர் தங்கபுஷ்பம். இந்தப் பெயரை ஐம்பது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. நீளமாக இருக்கிறது. எழுதிவிட்டு நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். சாப்பிடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆட்டுக்குக் குழை ஒடித்து வந்தேன். அவள் இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் அவளுக்குக் குளிர் காய்ச்சல். இந்த வெயிலில் போர்வை கேட்டாள். பல் கிட்டித்தது. ஆட்டோ பிடித்துப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனோம். பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். மூத்திரத்தில் கிருமி என்றார்.

"பொங்கலுக்கு அப்புறம் இது மூணாவது தடவை பெரியவரே. மாத்திரையைப் போட்டுப் போட்டு அமுக்கிட்டு இருக்கோம். கிட்னிக்கு ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான். பொம்பளை டாக்டர் ஒருத்தரைப் பாருங்க" என்றார்.

"எல்லாம் சூடு டாக்டர்" என்றாள் தங்கபுஷ்பம். "வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சா சரியாயிரும்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கேன்."

குடிக்கமாட்டாள். உப்பளத்தில் வேலை பார்த்த பெண்கள் யாருமே குடிக்கமாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெயில்தான், ஒதுங்குவதற்கு ஒரு புதர்கூடக் கிடையாது. அடக்கிக்கொண்டுதான் உப்பு வாரினார்கள். உப்புப் பாத்தியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் பழக்கம் போகவில்லை.

எனக்கு வேறு பயம். எட்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு மாரில் ஒரு கட்டி வந்தது. அந்த நோயின் பெயரை எழுத எனக்கு இப்போது எழுத்துத் தெரியும். எழுதமாட்டேன். ஒரு பக்க மாரை எடுத்துவிட்டார்கள். அப்போது ஆஸ்பத்திரியில், ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். என் கையைக் குத்திப் பார்த்துவிட்டு, சத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பொன்ராஜும் சீனிப்பாண்டியும் வந்து கொடுத்தார்கள். அளத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தெருவே வந்து அவளைப் பார்த்தது. சில பேர் முகத்தைப் பார்க்கவில்லை, மாராப்பைத்தான் பார்த்தார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

மகள் சண்முகக்கனி கோவில்பட்டியிலிருந்து வந்தாள். அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். வந்ததும் என்னைப் பார்த்து, "யப்பா, நல்ல சாளை மீனா பாத்து வாங்கிட்டு வாங்க. பதறாம மெதுவா வாங்க" என்றாள். மெதுவாக வரச் சொன்னால் ஏதோ இருக்கிறது.

சைக்கிளில் போய்ச் சீக்கிரம் வந்துவிட்டேன். அடுக்களைச் சன்னல் திறந்திருந்தது.

"நீ வாங்கித் தந்த ஜெல்லெல்லாம் போட்டுப் பாத்துட்டேன் கனி. ஒண்ணும் கேக்கல. அந்த எடமே காஞ்சுபோய்க் கெடக்கு. நடந்தா உரசுது. ஒண்ணுக்குப் போனா மொளகாப்பொடி பட்ட மாதிரி ஆளை எடுக்குது. இருமக்கூட முடியல, சொட்டிருது. மார்ல கட்டிய எடுத்ததுல இருந்தே இப்படித்தான். மாத்திரை சாப்பிடச் சாப்பிட ஏறிக்கிட்டே போச்சு."

"அப்பாட்ட சொன்னியா?"

"அவியகிட்ட என்னத்தச் சொல்ல? குறட்டை விடுதியன்னு சொல்லி வெளிய கட்டில்ல படுக்கச் சொல்லிட்டேன். பாவம், நம்பிட்டாவ."

அதற்குப் பிறகு அழுகைச் சத்தம். நான் மீன் பையோடு வேலி ஓரமாக நின்றேன். பூனை வந்து காலைச் சுற்றியது. பிறகு தெருமுனை வரை போய், சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

சாளை நன்றாக இருந்தது. கனி எண்ணெய் விடாமல் குழம்பு வைத்தாள். முற்றத்தில் காற்று வரும் என்றுதான் நான் வெளியே படுக்கிறேன்.

ஜூலை 2, புதன்

பாளையங்கோட்டைக்குப் போனோம். கனி விசாரித்துச் சொன்ன பெண் டாக்டர், பெயர் நிலோஃபர்.

பஸ்ஸில் சன்னல் ஓரம் எனக்குத்தான். வழியெல்லாம் போர்டு வாசித்தேன். கல்யாண மண்டபம். பழைய இரும்பு வாங்கப்படும். தேர்வில் தோற்றவர்களுக்குப் பயிற்சி. எவ்வளவு சத்தமாக இந்த ரோடு பேசுகிறது! இத்தனை வருஷம் இந்த வழியில் ஊமையாகத்தான் போய் வந்திருக்கிறேன். சந்தோஷத்தில் ஒன்றைச் சத்தமாக வாசித்துவிட்டேன். "வாயை மூடிக்கிட்டு வாசிங்க" என்றாள் தங்கபுஷ்பம். அவள் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடினாள். எனக்கு வாசிப்பு நின்றுபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அவளும் கனியும் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். நாற்காலி காலியாக இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. கட்டி என்று சொல்லிவிடுவார்களோ, மறுபடியும் வெட்ட வேண்டும் என்பார்களோ. எதிர்ச் சுவரில் ஒரு படமும் எழுத்தும் இருந்தன. நான்கு தடவை வாசித்தும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு கனி வயதுதான் இருக்கும்.

"ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பழைய நோய் திரும்பி வந்ததுக்கு எந்த அடையாளமும் இல்லை" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

விளக்கமாகச் சொன்னார். மாசாமாசம் வரும் தூரம் நின்ற பிறகு பெண்களுக்கு அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்துபோகுமாம். மூத்திரத் துவாரமும் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் சேர்ந்து பலவீனமாகிவிடுமாம். எரிச்சல், அடிக்கடி கிருமி, இருமினால் கசிவது, எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. கட்டிக்காகச் சாப்பிட்ட மாத்திரை அதை இன்னும் கூட்டிவிட்டது. "ரொம்பப் பேருக்கு இருக்குய்யா. வெளிய சொல்றவங்கதான் கம்மி" என்றார். மற்றவர்களுக்கு ஹார்மோன் களிம்பு கொடுப்பார்களாம். இவளுக்கு மாரில் அந்த நோய் இருந்ததால் அதைக் கொடுக்கத் தயங்குகிறார்.

"அதனால ஊசி போட்டுப் பாக்கலாம்னு நினைக்கறேன். ரத்தம் எடுத்து, மெஷின்ல சுத்தி, அதுல இருக்கற சத்தை மட்டும் பிரிச்சு, அந்த இடத்துலயே சின்னச் சின்ன ஊசியா போடுவோம். கத்தி கிடையாது, தையல் கிடையாது. மரத்துப்போற மருந்து தடவிடுவோம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். அம்மாவுக்கு மார்ல ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயும் பேசறேன். அவரும் சரின்னாதான்."

"கேக்குமா டாக்டரம்மா?"

"பல பேருக்குக் கேட்டிருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். புது வைத்தியம்யா, இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஒரு ஊசியோட முடியாது. மாசம் ஒண்ணா ரெண்டு மூணு போட்டுப் பாக்கணும்."

தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். ஜெல், களிம்பு, மாத்திரை எதன் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஊசி போட்டால்தான் அவளுக்கு டாக்டர்.

"எவ்வளவு ரத்தம் வேணும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான்யா" என்று சிரித்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்பும் கொஞ்சம் என்றுதான் ஆரம்பித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கபுஷ்பம் கனியிடமும் என்னிடமும் சொன்னாள்: "ஊசி போட்டுக்கிடுதேன். ஆனா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. போன தடவை மாதிரி ஊரு வந்து என்னைச் சுத்தி உக்காந்துச்சுன்னா, அதுக்கு நான் காஞ்சே சாவேன்."

ஊசி வருகிற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி. ரத்தத்துக்கு நான் பொறுப்பு. அவளிடம் எங்கே இருக்கிறது ரத்தம்? கண் இமைக்குள் வெளுத்துக் கிடக்கிறது.

ஜூலை 3, வியாழன்

புகையிலையை விட்டுவிட்டேன். பேரீச்சம்பழம் வாங்கி ஆட்டுக் கொட்டகைக்குள் வைத்திருக்கிறேன். காலையில் முருங்கைக்கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "என்னைக்கும் இல்லாத அதிசயமா இருக்கே" என்றாள். "டீச்சர் சொன்னாங்க, கீரை சாப்பிட்டா எழுத்து நல்லா வரும்னு" என்றேன். நோட்டில் உண்மை, வாயில் பொய்.

ஜூலை 5, சனி

பீட்ரூட், மாதுளை. கண்ணாடியில் இமையை விரித்துப் பார்த்தேன். சிவப்பாக இருப்பதுபோலத் தெரிகிறது. இல்லாததுபோலவும் தெரிகிறது.

போன தடவை மாதிரி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்? அங்கே போய் நின்றுகொண்டு யாரைத் தேடுவது? பாளையங்கோட்டையில் எனக்கு யாரையும் தெரியாது. அதனால் பொன்ராஜையும் சீனிப்பாண்டியையும் டீக்கடையில் பார்த்து, வெள்ளிக்கிழமை ரத்தம் தேவைப்படலாம், தயாராக இருங்கள் என்று சொன்னேன்.

"யாருக்கு மச்சான்?" என்றான் பொன்ராஜ்.

"வீட்ல."

"என்னவே செய்யுது?"

"அதைக் கேக்காத."

அவன் என் தோளில் கை வைத்தான். கேட்கவில்லை. நல்லவர்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவள் கேட்ட வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். புகையிலை ஞாபகமே வருகிறது, எழுத்து ஓடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். நடந்ததை எழுதத்தானே டீச்சர் சொன்னார்.

பத்து மணிபோல பொன்ராஜின் மனைவி செல்லத்தாய் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்தாள். அவள் பின்னால் சீனிப்பாண்டி வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால், என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர்கள். செல்லத்தாய் நேராகப் போய்த் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, மறுபடியும் வந்துட்டாமே."

"என்னது வந்துட்டு?"

"மறைக்காதிய மதினி. அண்ணாச்சி ரத்தம் கேட்டிருக்காவ. எங்க வீட்ல ராத்திரி சோறே எறங்கல. இந்தத் தடவை எந்தப் பக்கம்?"

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். பிறகு எல்லாருக்கும் காப்பி போட்டாள். சிரித்த முகமாகவே ஒவ்வொருவருக்கும் டம்ளரை நீட்டினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு டம்ளர்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னிய அவியகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலளா. ரத்தம் வேணும்னு மட்டுந்தான்."

"அது பத்தாதா? நீங்க தலையைச் சொன்னா அவளுவ வாலைச் சேத்துக்கிட மாட்டாளுவளா? இனி நான் இருமினாலும், செத்துட்டாளான்னு எட்டிப் பாப்பாளுவ. எத்தனை தடவை சொன்னேன்? கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னேனே!"

"உனக்கு ரத்தம் பத்தாமப் போயிட்டா என்ன செய்ய?"

"பத்தாட்டா போட்டும். ரோட்டு போர்டெல்லாம் வாசிக்க வருது. பொண்டாட்டி மூஞ்சியில என்ன எழுதியிருக்குன்னு வாசிக்க வரல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. "கனிகிட்ட சொல்லிருங்க. ஊசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

ஆப்பிளை ஆட்டுக்குப் போட்டுவிட்டாள்.

ஜூலை 9, புதன்

காலையில் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தாள். நெற்றி சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கப் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். கிட்னிக்கு ஏறிவிட்டால் என்று அந்த டாக்டர் சொன்னதே காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைப் பக்கம் போய் கனிக்கு போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் ஒரு மாதிரிச் சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"யப்பா... யப்பா... அது அம்மா ரத்தம்ப்பா!"

"அவ கிட்ட எங்க இருக்கு?"

"அய்யோ, ஒரு ஊசிக் குழாய் அளவுதான்ப்பா. அவங்க கையில எடுத்து அவங்களுக்கேதான் போடணும். அடுத்தவங்க ரத்தம் ஆகாது. பேரீச்சம்பழமா தின்னிய? பொன்ராஜ் மாமாவையும் கூட்டிட்டுப் போறதா இருந்தியளா?"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வெகு நேரம் ஆட்டோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போனேன். அவள் தரையில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, இப்படியாம், அடுத்தவர் ரத்தம் ஆகாதாம் என்று சொன்னேன்.

சுளகு நின்றது.

"அப்போ பொன்ராஜ் அண்ணாச்சி ரத்தத்தை எனக்கு ஏத்தலாம்னு இருந்திய."

"ஆமா."

"எங்க ஏத்தப் போறாவன்னு தெரியும்லா உங்களுக்கு?"

அவள் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. "அவரு வேற சொக்காக் கையை மடக்கிவிட்டுக்கிட்டு... யம்மா... நான் குடுக்கேன், நான் குடுக்கேன்னு..." என்று சொல்லி, அடக்க முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் கேட்டே வருஷக்கணக்காகிறது.

சட்டென்று அவள் நிறுத்தினாள். முகம் மாறியது. இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். தண்ணீர் மோந்து ஊற்றும் சத்தம் கேட்டது.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம்.

இந்த வீட்டில் ஏன் சிரிப்புச் சத்தம் இல்லாமல் போயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

அவள் வருவதற்குள் நான் துடைத்துவிட்டேன். துணியை அலசிக் கொடியில் போட்டேன். அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து தரையைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். மறுபடி சுளகை எடுத்தாள்.

ஜூலை 10, வியாழன்

ஊசியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என்னுடைய நல்ல வேட்டியை நீலம் போட்டுத் துவைத்திருக்கிறாள்.

ஜூலை 11, வெள்ளி

போனோம்.

பஸ் ஸ்டாப்பில் செல்லத்தாய் நின்றாள். "மதினி, கீமோவா?" என்று கேட்டாள். "அதெல்லாம் வரல. இது வேற. பொம்பளைச் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் முன்வாசல் வழியாகப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் கழுத்து வியர்த்திருந்தது.

எஸ்தர் என்கிற நர்ஸ் அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தாள். உண்மையிலேயே கொஞ்சம்தான். அதை ஒரு மெஷினுக்குள் வைத்துச் சுற்றினார்கள். வெளியே எடுத்தபோது குழாயில் கீழே சிவப்பாகவும் மேலே வெளிறிய மஞ்சளாகவும் பிரிந்திருந்தது. அந்த மஞ்சள்தான் மருந்தாம். பாத்தியில் கசடெல்லாம் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்து நிற்குமே, அப்படி இருந்தது. அவளுக்குள் இருந்ததே அவளுக்கு மருந்து. என் பேரீச்சம்பழத்தை நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போகும் முன் அவள் கம்மலைக் கழற்றி என்னிடம் தந்தாள். "சிஸ்டர் கேக்கலையே" என்றேன். "வச்சிருங்க" என்றாள். மார் ஆபரேஷனுக்குப் போகும்போதும் கழற்றித் தந்தாள்.

கதவு மூடியது.

எதிர்ச் சுவரில் அதே எழுத்து. இன்றைக்கு வாசித்தேன், ஒவ்வொரு எழுத்தாக. "பிறப்புறுப்பு வறட்சி வெட்கப்பட வேண்டிய நோய் அல்ல." பிறப்புறுப்பு. இத்தனை பக்கத்தில் நான் இதைத்தான் அந்த இடம், அந்த இடம் என்று எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா சொல்கிறார், சுவர் சொல்கிறது, எனக்குக் கை வரவில்லை. எங்கள் கனி வந்த வழி அது. கிருமி சேர்ந்தால்? ஊசி மாறிப் போனால்? உள்ளே யாரோ முனகியது போல இருந்தது. எழுந்து கதவருகே போனேன். எஸ்தர் சிஸ்டர் தலையை நீட்டி, "தாத்தா, பாட்டி நல்லா இருக்காங்க, போய் உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை.

அவள் நடந்தே வெளியே வந்தாள். காலைக் கொஞ்சம் அகட்டி நடந்தாள்.

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி" என்றாள்.

வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். எறும்பு பெரிய எறும்புதான்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று லேசாக ரத்தக் கசிவு. கனி டாக்டரிடம் கேட்டாள். இரண்டொரு நாள் இருக்கும், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றாராம். நான் அவள் நெற்றியைத் தொடத் தொட, "நெத்தி தேஞ்சிரும்" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

கசிவு நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை. எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். "தெரியல" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

"தெரியல."

ஜூலை 29, செவ்வாய்

இனி கேட்க வேண்டாம் என்று இருந்தேன். கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள். "இன்னைக்கு ஒண்ணுக்குப் போறப்போ பல்லைக் கடிக்கல." அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத் தும்மல் வந்தது, உள்ளே ஓடினாள். அது அப்படியேதான் இருக்கிறது. டாக்டரம்மா சத்தியம் பண்ணமாட்டேன் என்றுதானே சொன்னார்.

இருந்தாலும் இன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஆட்டுக்கு இரண்டு தடவை குழை போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழைக்கு முன் ஓடு மாற்றினேன். செல்லத்தாய் வந்து வெகு நேரம் தங்கபுஷ்பத்தோடு அடுக்களையில் குசுகுசு என்று பேசினாள். நான் கூரை மேல் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது செல்லத்தாய் அந்த டாக்டரின் பெயரை மறுபடியும் மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் காற்று நன்றாக இருந்தது. "உள்ள ஃபேன் இருக்கு, இங்கன வந்து படுத்தா என்ன, கொசுவுக்கு நேந்துவிட்ட மாதிரி வெளியவே கெடக்கிய" என்றாள். குறட்டை விடுவேனே என்றேன். "விடுங்க" என்றாள்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டாவது ஊசி.

எனக்கு இன்றும் பயம் போகவில்லை. முதல் ஊசி கேட்டதுபோல இருந்து, இரண்டாவது கெடுத்துவிட்டால்? தங்கபுஷ்பத்திடம் சொல்லவில்லை. அவள் கை சில்லென்று இருந்தது.

காத்திருக்கும் இடத்தில் எங்களுக்கு எதிரே ஒரு பெண். ஐம்பது வயதுக்குள் இருக்கும். நல்ல பட்டுக் கரைச் சேலை, கையில் வாட்ச், பள்ளிக்கூட டீச்சராகவோ பேங்க்கில் வேலை பார்ப்பவராகவோ இருக்கலாம். கூட யாரும் வரவில்லை. முகம் தெரியாதபடி முந்தானையை இழுத்துவிட்டிருந்தாள். சுவரில் எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எஸ்தர் சிஸ்டர், "அக்கா, அடுத்து நீங்கதான்" என்றாள். "இல்லை, இன்னொரு நாள் வர்றேன்" என்று வாசலைப் பார்த்தாள்.

"எம்மா" என்று கூப்பிட்டாள் தங்கபுஷ்பம்.

அந்தப் பெண் நின்றாள்.

"ஊசிக்கா வந்திருக்க?"

அவள் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் அங்கதாம்மா ஊசி" என்றாள் தங்கபுஷ்பம். சத்தமாகவே சொன்னாள். அங்கே மருந்து கம்பெனிப் பையன் ஒருவன் டையோடு உட்கார்ந்திருந்தான். கூட்டுகிற அம்மா நின்றாள். நான் இருந்தேன். "போன மாசம் ஒண்ணு போட்டாச்சு. எறும்பு கடிச்ச மாதிரின்னு இவியகிட்ட சொன்னேன். அது பொய். நல்லாவே வலிச்சுது. ஆனா டக்குனு முடிஞ்சிரும். பெறகு கொஞ்ச நாள்ல எரிச்சல் பாதி போச்சு. பாதி இருக்கு. சொட்டுறது இன்னும் நிக்கல. பாப்போம். இல்லாததைச் சொல்ல மாட்டேன்."

"யாருக்கும் தெரியாதும்மா" என்றாள் அந்தப் பெண், காற்றே வராத குரலில். "வீட்ல அவங்களுக்குக்கூட..."

"எனக்கும் யாருக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. பெறகு இவிய ஊர் பூராவும் ரத்தம் கேட்டுட்டாவ. அதைச் சொன்னா நீ சிரிப்ப. சிரிச்சா உனக்கும் கசியுமா?"

அந்தப் பெண் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். பிறகு சிரித்தும்விட்டாள்.

"ஆங், அப்ப நீயும் நம்ம கட்சிதான்" என்று சொல்லித் தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். உப்பு வாரி வாரி வெடித்த கை. அந்தப் பெண் அதை விடவே இல்லை.

எஸ்தர் சிஸ்டர் எட்டிப் பார்த்து, "தங்கபுஷ்பம்மா, நீங்க முதல்ல வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"இவளை முதல்ல எடுங்க. கூட நான் நிக்கலாம்லா?"

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து, நிற்கலாம் என்றாள். இரண்டு பேரும் எழுந்தார்கள். தங்கபுஷ்பம் தன் துணிப்பையை என்னிடம் தந்தாள். அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, தன் தோல் பையையும் தந்தாள்.

கதவு மூடியது. இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.